மோவாபில் ஒரு வார இறுதி: கூட்டமாகப் போகிறவர்களுக்கான முழு வழிகாட்டி

யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கில், கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கும் மோவாப் சிற்றூரை மையமாக வைத்து இதை எழுதுகிறேன். டென்வரிலிருந்தோ சால்ட் லேக் சிட்டியிலிருந்தோ பத்துப் பன்னிரண்டு பேர், மூன்று கார்களில், வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு வீடு திரும்பும் பயணத்துக்கு இது பொருந்தும். கூட்டத்தில் குழந்தைகளும், ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கியிருக்கும் பெற்றோரும் இருப்பார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். நம் குழுக்கள் பெரும்பாலும் அப்படித்தான் அமைகின்றன.

பலரும் திட்டத்தைத் தலைகீழாகப் போடுகிறார்கள். படங்களைப் பார்த்து இடங்களைப் பட்டியலிடுகிறார்கள், பிறகு தேதி குறிக்கிறார்கள், கடைசியில் தங்குமிடம் தேடுகிறார்கள். தண்ணீரைப் பற்றிய பேச்சு பாறைமேல் ஏறிய பிறகுதான் வருகிறது. கீழே உள்ள வரிசை வேறு மாதிரி. முந்தைய படியின் விடை இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது என்பதால், நடுவில் எதையும் தாண்ட வேண்டாம்.

1. ஆட்களை எண்ணுங்கள், பிறகு பிரித்து எண்ணுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரலைக் காட்டியவர்கள் எல்லோரும் வரப்போவதில்லை. முன்பணம் கொடுத்தவர்களை மட்டும் எண்ணுங்கள். சிறிய தொகை போதும். கொடுத்த பணம் திரும்ப வராது என்று தெரிந்தாலே பாதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

எண்ணிக்கை இவ்வளவு முக்கியமா என்றால், ஆமாம். மோவாபைச் சுற்றி மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை (BLM) நடத்தும் முகாம்களில் ஒரு தனி இடத்துக்குப் பத்துப் பேர், இரண்டு வாகனம் என்பதே வழக்கமான வரம்பு. பதினொன்றாவது ஆள் வந்தால் இன்னோர் இடம் தேவை. அந்த இடம் பக்கத்திலேயே கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அடுத்து, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக நான்கு கேள்விகள் கேளுங்கள். நிழலே இல்லாமல் மூன்று மைல் நடக்க முடியுமா? பள்ளத்தின் விளிம்பில் நின்றால் தலை சுற்றுமா? கூடாரத்தில் தூங்கிப் பழக்கம் உண்டா? தினமும் என்ன மருந்து எடுக்கிறீர்கள்? பொதுவில் கேட்டால் உயரத்துக்குப் பயம் என்று ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மருந்துக் கேள்வியும் வெறும் சடங்கு அல்ல. ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை எடுப்பவருக்கு வறண்ட வெயிலில் நீர்ச்சத்து சீக்கிரம் குறையும். இன்சுலினுக்குக் குளிர்ச்சி வேண்டும். இப்படிப்பட்டவர்களைக் கிளம்பும் முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.

இந்த விடைகளை வைத்துக் குழுவை இரண்டு அணிகளாகப் பிரியுங்கள்: வேகமாக ஏறுகிறவர்கள், நிதானமாக நடக்கிறவர்கள். நிதான அணிக்குத் தனிக் காரும், அதை ஓட்டத் தெரிந்த ஒருவரும் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் அத்தையும் மாமாவும் அடுத்தவர் இறங்கி வரும்வரை வாகன நிறுத்தத்தில் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள்.

2. தேதியை வெயில் முடிவு செய்யட்டும்

ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை, செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் இறுதி வரை: இந்த இரண்டு இடைவெளிகளுக்குள் தேதியைத் தேடுங்கள். கோடையில் மோவாப் எளிதாக 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும். ஜூலை தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதி வரை பருவ மழை. பிற்பகல் இடியும் திடீர் வெள்ளமும் அப்போதுதான். மே பிற்பகுதியிலும் ஜூனிலும் கண்ணுக்கே தெரியாத கடிப்பூச்சிகள் காதோரத்தையும் மயிர்க்கால்களையும் தேடிப்பிடித்துக் கடிக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் அந்த வாரங்களை விட்டுவிடுவது நல்லது.

நல்ல பருவத்துக்குள்ளும் இரண்டு பொறிகள் உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் முழுவதும் ஜீப் விழா நடக்கும். ஊரே வண்டிகளால் நிறைந்திருக்கும். அக்டோபர் நடுவில் யூட்டா பள்ளிகளுக்கு இலையுதிர் விடுமுறை விடுவார்கள். மாநிலத்தின் பாதிக் குடும்பங்கள் அப்போது இங்கேதான். வெளிமாநிலத்திலிருந்து திட்டமிடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது விஷயம் தெரிவதே இல்லை. தேதி குறிக்கும் முன் யூட்டா பள்ளி நாட்காட்டி ஒன்றைத் திறந்து பாருங்கள்.

3. படுக்க இடம்: தேதிக்கு அடுத்து இதுதான்

ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவுக்குள் இருப்பது டெவில்ஸ் கார்டன் என்ற ஒரே முகாம். மார்ச் முதல் அக்டோபர் வரை அதற்கு ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கும். திறந்த சில நிமிடங்களில் வார இறுதிகள் போய்விடும். கிடைத்தால் நல்லது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

128-ஆம் நெடுஞ்சாலையில் கொலராடோ ஆற்றை ஒட்டி வரிசையாக இருக்கும் நில மேலாண்மைத் துறை முகாம்கள் அழகானவை. தனி இடங்கள் முதலில் வருபவருக்கே. வெள்ளி இரவு பத்து மணிக்குப் போய் இடம் தேடும் குழு, முகாம் முகாமாக விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஊருக்குள் கிடைத்த விலைக்கு அறை எடுக்கும். ஆனால் அதே துறையின் குழு முகாம்களை முன்பதிவு செய்யலாம். பன்னிரண்டு பேருக்கு மேல் போகும் குழுவுக்கு இதையே முதலில் தேடச் சொல்வேன். எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்கள், சமையலும் ஒன்றாக நடக்கும்.

இந்த முகாம்களில் குடிநீர் கிடையாது. கழிவறை என்றால் தண்ணீர் இல்லாத குழிக் கழிவறைதான். பெற்றோரை அழைத்துவரும் குடும்பத்திடம் இதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் ஊருக்குள் அறை எடுத்துக்கொண்டு மாலையில் முகாமுக்கு வந்து சேர்வதில் எந்தக் குறையும் இல்லை.

4. அனுமதியும் நுழைவும்

ஆர்ச்சஸ் பூங்காவில் 2022 முதல் சில ஆண்டுகள் நெரிசல் மாதங்களில் நேரம் குறித்த முன்பதிவு தேவைப்பட்டது. இந்த விதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. நண்பர் போன வருடம் என்ன செய்தார் என்பதை வைத்து முடிவெடுக்காமல், போகும் ஆண்டின் விதியைப் பூங்காவின் தளத்திலேயே பாருங்கள். முன்பதிவு இல்லாத நாட்களில் வேறொரு தொல்லை: நிறுத்துமிடங்கள் நிரம்பினால் வாசலைச் சில மணி நேரம் மூடிவிடுவார்கள்.

தேசியப் பூங்காக்களின் ஆண்டு அட்டை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர். ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் இரண்டுக்கும் அது செல்லும். டெட் ஹார்ஸ் பாயின்ட் மாநிலப் பூங்கா என்பதால் அங்கே தனிக் கட்டணம். காருக்கு ஓர் அட்டை வேண்டும். மூன்று காருக்கு ஒரே அட்டையைக் காட்டி வாசலில் வாதாடும் காட்சி அடிக்கடி நடக்கிறது. அட்டைதாரர் ஆளுக்கொரு காரில் ஏறினால் பிரச்சினை முடிந்தது.

ஃபையரி ஃபர்னஸ் என்னும் பாறைச் சந்துப் பகுதிக்குத் தனி அனுமதியோ வனக்காவலருடன் போகும் டிக்கெட்டோ வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. கலவையான குழுவுக்கு அது ஒத்துவராது.

5. கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது ஒன்றே ஒன்று

முன்பணம் கட்டி, மணி குறித்து, தாமதமானால் பணம் போய்விடும் என்ற வகை நிகழ்ச்சி வார இறுதி முழுவதற்கும் ஒன்றுதான் இருக்க வேண்டும். பன்னிரண்டு பேர் காலையில் கிளம்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒருவருக்குக் காபி வரவில்லை, ஒரு குழந்தையின் ஒரு ஷூவைக் காணவில்லை. நேரம் குறித்த நிகழ்ச்சிகள் இரண்டு இருந்தால், முதலாவதில் விழுந்த தாமதம் இரண்டாவதைக் கெடுக்கும், மனக்கசப்பு இலவசம்.

அந்த ஒன்றாக ஆற்றைத் தேர்ந்தெடுங்கள், அல்லது கயிற்றை.

ஆறு என்றால், ஃபிஷர் டவர்ஸ் பாறைகளுக்குக் கீழே போகும் பகுதியில் அரை நாள் படகுப் பயணம். அலைகள் மிதமானவை. குழந்தைகளும் பெரியவர்களும் ஒரே படகில் போகலாம் என்பதே இதன் பெரிய வசதி. வயது, எடை வரம்புகளை நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரலில் தண்ணீர் உறையும் குளிர். குளிர் தாங்க உடல் ஒட்டும் நீச்சலுடை (வெட்சூட்) தருவார்களா என்றும் கேளுங்கள். பனி உருகும் மே இறுதி, ஜூனில் ஓட்டம் வலுக்கும்.

கயிறு என்றால், பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் பாறைப் பள்ளத்தாக்கில் இறங்குவது. மோவாபில் புதியவர்களை வழக்கமாக எஃபெட்ராஸ் கிராட்டோவுக்கு அழைத்துப்போவார்கள். கடைசி இறக்கம் மார்னிங் குளோரி என்ற 243 அடி நீளப் பாறைப் பாலத்தின் பக்கத்திலேயே, ஏறக்குறைய நூறடி. வேக அணிக்கு மட்டும் இது. யாரோ ஒருவர் உள்ளரங்கில் பாறை ஏறியிருக்கிறார் என்பதற்காக வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம். ஏறத் தெரிந்தவருக்குப் பள்ளத்தாக்கில் கயிறு கட்டத் தெரியும் என்பது இல்லை; முதல் கயிற்றை உருவி எடுத்துவிட்டால் திரும்பி ஏறவும் வழி இல்லை.

மற்றதெல்லாம் வெயிலை ஒட்டித் தளர்வாக இருக்கட்டும். சனிக்கிழமைக்கு நான் போடும் வரிசை இது.

காலை ஆறரைக்கு ஆர்ச்சஸ் வாசல். வேக அணி டெலிகேட் ஆர்ச் என்னும் பாறை வளைவுக்கு: போக வர மூன்று மைல், வழியில் நிழல் கிடையாது, நடுவில் திறந்த பாறைச் சரிவு, கடைசியில் பக்கத்தில் சரிவுள்ள ஒரு பாறை விளிம்பு. தலை சுற்றும் என்று சொன்னவர் அந்த விளிம்புக்கு முன்பே நின்றுகொள்ளலாம். நிதான அணி அதே நேரத்தில் விண்டோஸ் பகுதிக்கும் இரட்டை வளைவுக்கும் போகட்டும். இரண்டும் குறுகிய தடங்கள். வளைவுகள் காரிலிருந்தே தெரியும். சேலையும் கான்வாஸ் ஷூவுமாக வரும் அம்மாக்கள் இங்கே இளையவர்களுக்கு முன்னால் நடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

டெலிகேட் ஆர்ச்சின் படம் மாலையில்தான் நன்றாக வரும். ஆனாலும் குழுவாகப் போகிறவர்களுக்குக் காலைதான் சரி. மாலையில் நிறுத்த இடம் இருக்காது, கூட்டம் நெருக்கும், இறங்கும்போது இருட்டிவிடும். அக்டோபர் நடுவில் ஏழு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நெற்றி விளக்கு இல்லாமல் கைப்பேசி வெளிச்சத்தில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாறைச் சரிவில் இறங்குபவர்களை அப்போது எண்ண முடியாது.

பதினொன்றுக்குப் பூங்காவை விட்டு வெளியே வந்துவிடுங்கள். சாப்பாடு, நிழல், தூக்கம். படகு என்றால் பகல் ஒரு மணிப் பயணத்தைப் பதிவு செய்யுங்கள். வெயில் நேரம் தண்ணீரில் கழியும். கயிறு என்றால் அதைக் காலையில் வைத்து, ஆர்ச்சஸை மாலைக்கு மாற்றுங்கள். அப்போது எல்லோரும் சேர்ந்து விண்டோஸ் பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை எங்கே என்பதைத் திரும்பும் திசையை வைத்து முடிவு செய்யுங்கள். டென்வர்க்காரர்களுக்கு 128-ஆம் சாலையிலேயே கிராண்ட்ஸ்டாஃப் பள்ளத்தாக்கு இருக்கிறது: ஓடை, ஓரளவு நிழல், முடிவில் அதே மார்னிங் குளோரி பாலம். ஓடையைப் பல முறை கடக்க வேண்டும், கால் நனையும். பாலத்தின் அடியில் மூன்று மூன்று இலையாக வளர்ந்திருக்கும் பாய்சன் ஐவியைத் தொட்டால் தோல் கொப்பளித்துவிடும். குழந்தைகளுக்கு அதைக் காட்டி எச்சரியுங்கள். சால்ட் லேக் போகிறவர்களுக்கு டெட் ஹார்ஸ் பாயின்ட் நல்லது. கார் நிறுத்தத்திலிருந்து சில நிமிடத்தில் 2,000 அடி கீழே ஆறு வளைந்து போவதைப் பார்க்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிடச் சுலபமான காட்சி இந்தப் பகுதியில் இல்லை.

6. தண்ணீர்: கணக்குப் போட்டு எடுத்துச் செல்லுங்கள்

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது ஏறக்குறைய நான்கு லிட்டர். பன்னிரண்டு பேருக்கு இரண்டரை நாளில் 30 காலன். சமைக்க, கழுவ இன்னும் பத்து. ஆக 40 காலன். ஏழு காலன் பிடிக்கும் கெட்டிக் கேன்கள் ஆறு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு காலன் தண்ணீர் எட்டு பவுண்டுக்கு மேல். நாற்பது காலனையும் ஒரே காரின் பின்புறத்தில் ஏற்றினால் இரண்டு ஆட்களின் எடை ஏறிய மாதிரி. மூன்று கேன்களை நிரப்பி மூன்று கார்களில் பிரித்து வைத்து, சனிக்கிழமை ஊருக்குள் வரும்போது மறுபடியும் நிரப்புங்கள். அரை லிட்டர் பாட்டில்களை அட்டை அட்டையாக வாங்கிவருவது வசதியாகத் தோன்றும். காற்றடித்தால் காலிப் பாட்டில்கள் முகாம் முழுக்க உருளும், அவற்றைத் துரத்திப் பிடிப்பதே தனி வேலை.

டெலிகேட் ஆர்ச் தடத்துக்கு மட்டும் ஆளுக்குக் குறைந்தது இரண்டு லிட்டர் தோளில் இருக்க வேண்டும். ஆர்ச்சஸில் குடிநீர் கிடைப்பது பார்வையாளர் மையத்திலும் டெவில்ஸ் கார்டன் பக்கத்திலும்தான். டெலிகேட் ஆர்ச் தடம் தொடங்கும் இடத்தில் கிடையாது. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒற்றைப் பாட்டிலைக் கைமாற்றிக்கொண்டு ஏறுவதை அந்தச் சரிவில் எந்த மதியமும் பார்க்கலாம்.

வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் ஆபத்து. வியர்வையோடு உப்பும் போகிறது. ரத்தத்தில் சோடியம் குறைந்தால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். பார்ப்பதற்கு வெயில் மயக்கம் போலவே இருக்கும், மேலும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். ஆகவே குடிப்பதோடு கொறிக்கவும் வேண்டும். உப்புக் கடலை, முறுக்கு, எலுமிச்சை உப்புத் தண்ணீர் எல்லாம் இதற்குப் போதும்.

இன்னொன்று. நம் பெண்கள் பலர், குறிப்பாக அம்மாக்கள், வழியில் கழிவறை இருக்காது என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். "போதும் தம்பி, அப்புறம் எங்கே ஒதுங்குவது?" என்று சிரித்துக்கொண்டே பாட்டிலைத் திருப்பித் தருவார்கள். அதனால் ஒவ்வொரு தடத்துக்கும் முன்னால் கழிவறை எங்கே இருக்கிறது, அடுத்தது எத்தனை நேரத்தில் வரும் என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்துவிடுங்கள். தெரிந்துவிட்டால் குடிப்பார்கள்.

7. ஒதுங்குவதற்கான ஏற்பாடு

முகாமிலோ தடம் தொடங்கும் இடத்திலோ கழிவறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லாத இடங்களுக்கு, கெட்டியாக்கும் தூள் உள்ளே இருக்கும் இரட்டைப் பைகள் வெளிப்புறச் சாமான் கடைகளில் கிடைக்கும். ஆளுக்கு இரண்டு வாங்கிவையுங்கள். பாலைவன மண்ணில் ஈரமும் நுண்ணுயிர்களும் குறைவு, புதைத்தது மக்காது. மோவாபைச் சுற்றித் திறந்தவெளியில் முகாமிடுகிறவர்கள் கழிவை எடுத்துவருவதற்கான ஏற்பாட்டோடு வர வேண்டும் என்பது விதியும்கூட. காகிதத்தையும் பையிலேயே போட்டுக் கொண்டுவாருங்கள். தற்காலிக மறைப்புக்கு ஒரு பழைய போர்வையும் கயிறும் போதும்.

8. சாப்பாடு

வெள்ளி இரவுச் சமையல் வேண்டாம். சேரும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள். வீட்டிலிருந்து கட்டிய சோறே போதும். சனி மதியத்துக்குப் புளியோதரை. எண்ணெயும் புளியும் உப்பும் இருப்பதால் வழித்துணைக்கு அதைவிட நம்பகமான சோறு இல்லை. ஆறாவது படியில் சொன்ன உப்புக் கணக்கும் சரியாகிவிடும். தயிர்சாதத்தை ஐஸ் பெட்டியின் அடியில் வைத்தால் மட்டும் எடுத்துவாருங்கள். 90 டிகிரிக்கு மேல் போகும் வெயிலில் கெடக்கூடிய உணவை வெளியே வைத்திருக்க ஒரு மணி நேரமே பாதுகாப்பு.

தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து ஐஸ் பெட்டியில் அடுக்கினால் ஐஸும் அதுவே, ஞாயிறு குடிநீரும் அதுவே.

விறகைக் கடையில் வாங்குங்கள். இந்த முகாம்களில் காய்ந்த கட்டை பொறுக்கத் தடை இருக்கும்; கோடையில் தீ மூட்டவே தடை வரலாம். எனவே எரிவாயு அடுப்பு கட்டாயம். கையோடு மூடாத பையை அண்டங்காக்கை கிழிக்கும், இரவில் எலி வரும். சாப்பாடு எல்லாம் காருக்குள் போக வேண்டும்.

9. உடுப்பும் சாமானும்

ஒரே நாளில் 40 டிகிரி பாரன்ஹீட் வரை வெப்பம் ஏறி இறங்கும் நிலம் இது. மதியம் அரைக்கைச் சட்டையில் வியர்த்தவர் விடிகாலையில் நடுங்குவார். ஏப்ரல், அக்டோபர் இரவுகள் 40 டிகிரியை ஒட்டிப் போகும். கூடாரத்தில் தூங்குகிறவருக்கு அதற்கேற்ற தூக்கப்பை வேண்டும். வீட்டுக் கம்பளி போதாது.

நல்ல பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ஷூ, அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, ஆளுக்கொரு நெற்றி விளக்கு, உதட்டுக்கும் தோலுக்கும் களிம்பு. புது ஷூவை அங்கே முதல்முறை போடாதீர்கள். ஓடையும் படகும் இருந்தால் நனைந்தால் பரவாயில்லை என்ற இரண்டாவது ஜோடி. ட்ரோனை வீட்டில் வைத்துவிடுங்கள், தேசியப் பூங்காக்களில் தடை. அவ்வளவுதான், மீதியெல்லாம் காரில் இடத்தை அடைக்கும்.

10. வெள்ளம் எங்கோ பெய்த மழையில் வரும்

இதை அவசரமாகப் படிக்க வேண்டாம். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் கீழ் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தொலைவில். 2015 செப்டம்பர் 14 அன்று யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் உள்ள கீஹோல் பள்ளத்தாக்கில் இறங்கிய ஏழு பேரும் பிழைக்கவில்லை. பாறை நீரை உறிஞ்சாது. மேட்டில் விழுந்த மழை அப்படியே சரிந்து இடுக்குகளில் திரளும். அங்கே அகலம் இல்லாததால் ஆள் உயரத்துக்கு எழும்ப அதிக நேரம் எடுக்காது.

தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. காலையில் சிக்னல் இருக்கும்போதே தேசிய வானிலைச் சேவையின் திடீர் வெள்ள முன்னறிவிப்பைப் பாருங்கள். நீங்கள் போகும் ஓடைக்குத் தண்ணீர் எந்த மேட்டிலிருந்து வருகிறது என்பதை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்து, அந்த மேட்டுக்கான வானிலையையும் பாருங்கள். வாய்ப்பு உண்டு என்று போட்டிருந்தால் இடுக்கான பள்ளத்தாக்கு அன்றைக்கு வேண்டாம். மேட்டுக் காட்சிகளுக்கு மாறுங்கள். வழிகாட்டி ரத்து செய்தால் வாதாடாமல் சரி என்று சொல்லுங்கள்.

உள்ளே இருக்கும்போது தெளிந்த ஓடை திடீரெனக் கலங்கினாலோ, குச்சியும் நுரையும் மிதந்து வந்தாலோ, தொலைவில் இரைச்சல் ஏறினாலோ, பையைத் தேடாமல் மேலே ஏறுங்கள். வறண்ட ஓடைப்படுகையில் கூடாரம் போடக்கூடாது. மணல் மெத்தென்று சமமாக இருப்பதற்குக் காரணமே தண்ணீர்தான். சாலையின் குறுக்கே ஓடும் நீரில் காரை விடாதீர்கள். ஓர் அடி ஆழத்து வேக நீர் சிறிய காரை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இடி கேட்டால் திறந்த பாறையிலிருந்து இறங்கிக் காருக்குள் போங்கள்.

11. பாறையில் நடக்கும் ஒழுங்கு

முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசி ஆள் யாரையும் தாண்டக்கூடாது; அவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும், கூட்டத்திலேயே நன்றாக நடக்கிறவராகவும் இருக்க வேண்டும். சோர்ந்தவரோடு பின்தங்குபவர் அவர்தான். தடம் பிரியும் ஒவ்வோர் இடத்திலும் முன்னவர் நின்று கடைசி ஆளின் முகத்தைப் பார்த்த பிறகே நகர வேண்டும்.

பாறைமேல் தடம் தெரியாது. சிறு கல் குவியல்கள்தான் வழிகாட்டும். அடுத்த குவியல் கண்ணில் படாவிட்டால் கடைசியாகப் பார்த்த குவியலுக்குத் திரும்புங்கள். விளையாட்டாகப் புதிய குவியல் அடுக்க வேண்டாம். பின்னால் வருகிறவர் அதை நம்பிப் பள்ளத்துக்குப் போவார்.

ஏறுவது எளிது, இறங்குவதுதான் கடினம். கையை ஊன்றி ஓர் இடத்தில் ஏறும் முன் அதே வழியில் இறங்கிவர முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்க ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் உட்கார்ந்துவிடுவது இங்கே சாதாரணம். ஈரமான மணற்பாறை வழுக்கும், எளிதில் உடையவும் செய்யும்.

தடத்தை விட்டு மண்ணில் கால் வைக்காதீர்கள். தடத்தின் ஓரமாகக் குனிந்து பாருங்கள்: கருத்து, மேடு மேடாக, அடுப்பில் கருகிய பொருக்கு போன்ற ஒரு படலம் தெரியும். நுண்ணுயிரும் பாசியும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கும் உயிர்ப்படலம் அது. ஒரு மிதியில் நொறுங்கும். மீள்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். குழந்தைகளிடம் பாறையிலும் ஓடை மணலிலும் மட்டும் நடக்கச் சொல்லுங்கள், அதை ஒரு விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். பாறை ஓவியங்களைத் தொடவும் வேண்டாம்.

12. காரும் தொடர்பும்

வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் செப்பனிடாத சாலையில் ஓட்டத் தடை விதிக்கின்றன. நான்கு சக்கர இழுவை இருந்தாலும் அந்த விதி மாறாது. மாட்டிக்கொண்டால் இழுத்துவரும் செலவு உங்கள் தலையில்.

ஊரைத் தாண்டினால் பல இடங்களில் சிக்னல் இல்லை. வரைபடங்களை முன்பே இறக்கிவையுங்கள். இரண்டு அணிகளும் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் காகிதத்தில் எழுதி ஒவ்வொரு காரிலும் ஒட்டுங்கள். வராவிட்டால் எத்தனை மணிக்கு உதவி கேட்பது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வேக அணி செயற்கைக்கோள் செய்திக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளட்டும். வராத ஒருவர் வீட்டில் முழுத் திட்டத்தின் நகல் இருக்கட்டும். இங்கே மீட்புக்கு வருகிறவர்கள் கிராண்ட் மாவட்டத்தின் தன்னார்வலர்கள். பாறைமேல் ஆளைத் தூக்கிவரப் பல மணி நேரம் ஆகும்.

13. பணமும் பொறுப்பும்

பணத்துக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர், நேரத்துக்கு ஒருவர். ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் சனி மாலைக்குள் அவர் எல்லோரிடமும் எரிந்து விழுவார். முகாம், படகு, பொதுச் சாப்பாடு மட்டும் பொதுக் கணக்கில். பெட்ரோல் அந்தந்தக் காருக்குள் முடியட்டும். கடைசி நேரத்தில் விலகுகிறவருக்கு எது திரும்பக் கிடைக்கும், எது கிடைக்காது என்பதை முன்பணம் வாங்கும் நாளிலேயே எழுதிப் போடுங்கள்.

14. போகும் வழியும் திரும்பும் வழியும்

டென்வரிலிருந்து ஏறக்குறைய 355 மைல். நிற்காமல் ஓட்டினால் ஐந்தரை மணி நேரம், குழந்தைகளோடு ஏழு. வெள்ளி அரை நாள் விடுப்பு எடுத்து நண்பகலில் கிளம்புங்கள். ஃப்ரூட்டாவில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு நீண்ட வெறுமை. இருட்டிய பிறகு சேர்வதாக இருந்தால் 128-ஆம் சாலையின் குறுக்கு வழியை விட்டு 191-ஆம் சாலையில் வாருங்கள். 128 ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது; இரவில் மான்கள் குறுக்கே நிற்கும். அந்த அழகைத் திரும்பும்போது பகலில் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிறு காலை முகாமைப் பிரித்த பிறகுதான் நடைக்குப் போக வேண்டும். நடந்துவிட்டு வந்து கூடாரம் மடிக்கலாம் என்று வைத்தால் பதினொன்று மணி வெயிலில், பசியோடு, மணலோடு அதைச் செய்ய நேரும். நண்பகலுக்குள் காரை எடுத்துவிடுங்கள். ஞாயிறு மாலை ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு முன்னால் கிழக்கு நோக்கிய வாகனங்கள் மைல் கணக்கில் நிற்கும். கிராண்ட் ஜங்ஷனில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே ஓட்டுநரை மாற்றிக்கொள்ளுங்கள், மலைப்பாதையில் தூங்காத ஒருவர் கையில் வண்டி இருக்கும்.